ஐந்து முறை ஓட்டிப் பார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் ஆண்டு. இயந்திரக் கற்றல்தான் களம். லேபில் ஏழு பேருக்கு நான்கு ஜிபியு, மாடலைப் பயிற்றுவிக்கும் கார்டுகள். பெரிய கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து செய்ய இனி என்ன மிச்சம்? என் மாடல் பழையதைவிட 2 சதவீதம் கூடுதலாகச் சரியான விடை தருகிறது. பேப்பர் அனுப்பலாமென்றால், ‘ஐந்து சீடில் ஓட்டிப் பார்’ என்கிறார் கைடு, அதாவது தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை மாற்றி மாற்றி ஐந்து முறை. மூன்று வாரம் வீண். கம்பெனிக்கே போய்விடலாமா?

ச.

அன்புள்ள ச.,

போவதும் இருப்பதும் உங்கள் வீட்டுக் கணக்கு, எனக்கு அதில் வேலையில்லை. ஜிபியு புலம்பலையும் சற்று நிறுத்துங்கள். 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அலெக்ஸ்நெட், படங்களை அடையாளம் காணும் மாடல், வீடியோ கேமுக்கு வாங்குகிற இரண்டே கார்டுகளில், ஐந்தாறு நாளில் பயின்றது. ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். இன்று அது நடக்காது என்பீர்கள். சரி, நடக்காது. விடுங்கள்.

எனக்குக் கோபம் அந்த ‘வீண்’ மேல்தான். சீடு மாறினால் மாடலுக்குள் இருக்கும் தொடக்க எண்கள், அதாவது எடைகள், மாறும், தரவு வரும் வரிசை மாறும். அதிலேயே 2 சதவீதம் ஏறி இறங்கலாம். ஒரே ஒரு ஓட்டத்தை வைத்துக்கொண்டு ‘என் மாடல்’ என்கிறீர்களே, அது உங்கள் மாடலா, உங்கள் அதிர்ஷ்டமா? மூன்றாம் ஆண்டில் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம்தான் என் பழைய லேப் நோட்டு கையில் கிடைத்தது. ஒன்றரை வருட உழைப்பு, மற்ற எல்லாரையும்விட ஆறு புள்ளி அதிகம், லேபே கைதட்டியது. பேப்பருக்கு ஓர் உதாரணம் எடுக்கலாமென்று ஒரு ராத்திரி சோதனைத் தரவைத் திறந்தேன். முதல் வாக்கியமே எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பயிற்சித் தரவில் தேடினேன். இருந்தது. அடுத்ததும் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரண்டு பக்கமும். தேர்வுக்கு முன்பே மாடல் கேள்வித்தாளைப் பார்த்திருந்தது. நகல்களை நீக்காமல் தரவைப் பிரித்தது வேறு யாருமில்லை, நான்தான். நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

காலையில் கைடிடம் சொன்னேன். “நீயே கண்டுபிடிச்சியா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப சரி. போய்த் தூங்கு.”

கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற ஆரம்பகாலக் கணினி 1949 மே மாதம் ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், மிச்ச ஆயுளில் பெரும்பகுதி சொந்த நிரல்களில் பிழை தேடியே கழியப்போகிறது என்பது ஒரு நாள் மாடிப்படியில் உறைத்ததாகப் பின்னாளில் எழுதினார். மெஷினைக் கட்டியவருக்கே ஆயுள் போயிற்று. உங்களுக்கு மூன்று வாரம் கனக்கிறது.

அதட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த 2 சதவீதம் ஐந்திலும் நின்றால் எனக்கு எழுதுங்கள். நிற்காவிட்டால் முதலில் கைடிடம் சொல்லுங்கள், தூங்குங்கள், பிறகு எழுதுங்கள்.