டர்போ காரில் கோல்டு ஏர் இன்டேக் மாட்டலாமா? காரைக்குடி வெயிலுக்கும் செம்மண் புழுதிக்கும் தாங்குமா?

கேள்வி கேட்டவர் தேவகோட்டைக்காரர். மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். இன்ஜினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்துவருவதாகச் சொல்லும் கோல்டு ஏர் இன்டேக் கிட் ஒன்றை, அலுமினியக் குழாயும் கூம்பு ஃபில்டரும் சேர்ந்தது, ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். பவர் கூடுமா, நம் ஊருக்கு ஒத்துவருமா, வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாமா என்று ஒரே மூச்சில் கேட்கிறார்.

மாட்டலாம். சத்தம் மாறும், அது நிச்சயம். பவர், ஓட்டுபவருக்குத் தெரிகிற அளவுக்கு ஏறாது. ஃபில்டரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் டர்போவுக்கே கேடு. நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஆனால் நண்பனுக்குக் காரைக்குடியில் பட்டறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் அங்கேதான் கிடப்பேன். அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

டர்போ இல்லாத வண்டியில் இன்டேக் வழியாகப் போகும் காற்று நேராக சிலிண்டருக்குப் போகிறது. அங்கே பத்து டிகிரி குறைத்தால் அது அப்படியே லாபம். டர்போ வண்டியில் காற்று முதலில் டர்போவின் காற்றை அமுக்கும் பாகமான கம்ப்ரஸருக்குள் போய் நசுங்கிச் சூடாகிறது, பிறகு ரேடியேட்டர் மாதிரி இருக்கும் இன்டர்கூலரில் ஆறுகிறது, அப்புறம்தான் சிலிண்டர். ஆகவே டர்போவுக்கு முன்னால் காற்றைக் குளிர வைப்பதென்பது, உலையில் ஊற்றப் போகிற தண்ணீரை ஐஸ் போட்டு எடுத்துவருவது மாதிரிதான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி. பானெட்டுக்குள் சூடாகி 50 டிகிரியில் காற்று உள்ளே போகிறது என்று வையுங்கள். பூஸ்ட் 1 பார், அதாவது கம்ப்ரஸர் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு அமுக்குகிறது. கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று கொண்டால், வெளியே வரும் காற்று 150 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே காற்று 40 டிகிரியில் உள்ளே போயிருந்தால் 138 டிகிரி சுமார். இதுவரை வித்தியாசம் 13 டிகிரி. இன்டர்கூலரும் 70 சதவீதம் வேலை செய்கிறது என்றால், முதல் காற்று 73 டிகிரிக்கும் இரண்டாவது 69 டிகிரிக்கும் வந்து நிற்கும். கடைசியில் சிலிண்டருக்கு எட்டுவது 4 டிகிரி லாபம். அடர்த்தியில் ஒரு சதவீதம் சொச்சம். 110 குதிரைத்திறன் வண்டியில் ஒரே ஒரு குதிரை. பின் சீட்டில் அப்பத்தா ஏறி உட்கார்ந்தால் அந்தக் குதிரையும் தீர்ந்தது.

அந்த ஒன்றுகூட முழுதாகக் கைக்கு வராது. இன்றைய டர்போ வண்டிகளில் எவ்வளவு டார்க் (முறுக்குவிசை) தர வேண்டும் என்பதை இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப டர்போவைச் சுற்றும் புகையை விலக்கிவிடும் கதவான வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடி பூஸ்ட்டைச் சரிக்கட்டுகிறது. காற்று எளிதாக வந்தால் டர்போ கொஞ்சம் குறைவாக உழைக்கும், அவ்வளவுதான். ரீமேப் செய்து, அதாவது ஈசியுவின் கணக்கை மாற்றி, பூஸ்ட்டை ஏற்றிய வண்டி என்றால் கதை வேறு. அங்கே மேல் ஆர்.பி.எம்மில் பழைய ஃபில்டர் பாக்ஸ் நிஜமாகவே காற்றை இறுக்கிப் பிடிக்கலாம், பெரிய இன்டேக்குக்கு வேலை இருக்கும். ரீமேப் இல்லாமல் இன்டேக் மட்டும் மாட்டுபவருக்குக் கிடைப்பது டர்போவின் விசில், காலை எடுத்ததும் வரும் 'புஸ்'. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். சத்தத்துக்காக வாங்குகிறேன் என்று தெளிவாகத் தெரிந்து வாங்குபவரோடு எனக்கு வழக்கில்லை.

இன்னொன்று. கம்பெனி மாட்டித் தருவதே பெரும்பாலும் கோல்டு ஏர் இன்டேக்தான். உங்கள் வண்டியின் பானெட்டைத் திறந்து ஃபில்டர் பாக்ஸிலிருந்து கிளம்பும் பிளாஸ்டிக் மூக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு மேலே போய் வாயைத் திறந்து வைத்திருக்கும். வெளிக்காற்றை உறிஞ்சும் மூடிய பாக்ஸ் அது. அதைக் கழற்றிவிட்டு மூடியே இல்லாத கூம்பு ஃபில்டரை இன்ஜின் பக்கத்தில் தொங்கவிட்டால், பெயரில்தான் கோல்டு இருக்கும். நண்பனின் பட்டறைக்கு வந்த ஒரு காரில், சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகி, செல்போனில் பார்த்துக்கொண்டே செக்காலை ரோட்டில் மதிய நேரத்தில் போனோம். நெரிசலில் நின்று நின்று நகர்ந்தபோது ஃபில்டருக்குப் பக்கத்துக் காற்று 60 டிகிரியைத் தாண்டிவிட்டது. நூறடி ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்கியது. கிட்டோடு வந்த தகரத் தடுப்பு மூன்று பக்கம்தான் மறைத்தது, மேலே பானெட்டுக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி.

வெப்பத்தைவிட நம் பக்கத்தில் பெரிய பிரச்சினை புழுதி. செம்மண்ணும் செம்பறாங்கல்லும் உள்ள பூமி இது. கிராமத்துக்குள் திரும்பினால் முன்னால் போகிற வண்டியே தெரியாத சாலைகள் இன்னும் இருக்கின்றன. புதுவயல் பக்கம் போனால் அரிசி ஆலைத் தவிட்டுத் தூசி வேறு. டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றும். சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையே தொடும். அந்த வேகத்தில் அதன் அலுமினிய இறக்கையில் மோதும் மண்துகள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வேலையைச் செய்துவிடும். தேய்ந்த இறக்கை காற்றை ஒழுங்காகத் தள்ளாது. தப்பிய துகள்கள் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் கவனித்துக்கொள்ளும்.

கூம்பு ஃபில்டர்களில் நிறைய எண்ணெய் பூசிய பருத்தித் துணி வகை. காற்று நன்றாகப் போகும், கழுவித் திரும்பப் போடலாம். ஆனால் பொடித் தூசியைப் பிடிப்பதில் கம்பெனியின் காகித ஃபில்டர் பொதுவாக முந்தும். கழுவிய பிறகு எண்ணெயை அள்ளிப் பூசிவிட்டால் அது பறந்து போய், உள்ளே போகும் காற்றை அளக்கும் மேஃப் சென்சாரின் மெல்லிய கம்பியில் படியும், காற்றின் அளவு தப்பாகத் தெரியும். வாங்கினால் உலர் வகையாக வாங்குங்கள். விற்பவரிடம் ஐஎஸ்ஓ 5011 சோதனையில் ஃபில்டர் எவ்வளவு வாங்கியது என்று கேளுங்கள். அது ஏர் ஃபில்டருக்கென்றே உள்ள சோதனை முறை. எண் சொல்லாமல் '15 குதிரைத்திறன் கூடும்' என்று மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

மாட்டிய பிறகு நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, டர்போ பக்கம் போகும் குழாயின் உட்புறத்தைப் பழைய வெள்ளை வேட்டித் துணியால் துடையுங்கள். லேசான எண்ணெய்க் கறை வந்தால் பயப்பட வேண்டாம், இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியே விடும் பிரீத்தர் ஹோஸ் வழியாக வருவது. துணியில் செம்மண் நிறம் ஏறினால் ஃபில்டர் விடுகிறது, அல்லது ஃபில்டருக்கும் குழாய்க்கும் நடுவில் கிளாம்ப் சரியாக உட்காரவில்லை. அன்றே பழைய பாக்ஸை எடுத்து மாட்டிவிடுங்கள்.

மாட்டும் வேலைக்கு வருவோம். பத்தாம் நம்பர் சாக்கெட், ஸ்க்ரூடிரைவர், சில வண்டிகளுக்கு நட்சத்திர பிட், இவ்வளவு இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பழைய பாக்ஸைப் பிடுங்கும் முன்னால் எந்தெந்த ஹோஸ் எங்கே போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் டர்போவிலிருந்து கழன்ற அந்த நிமிடமே டர்போ வாயில் நூல் பிரியாத சுத்தமான துணியை, பாதி வெளியே தொங்குகிற மாதிரி அடையுங்கள். ஒரு சின்ன நட் உள்ளே விழுந்து அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் டர்போ அத்தோடு சரி. பாதி தொங்க வேண்டும் என்பது, மாட்டும்போது துணியை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. வாய் திறந்திருக்கும்போதே விரலால் சக்கரத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னுமாகக் கையில் தெரிகிற மாதிரி ஆடினால், அல்லது இறக்கை பக்கச் சுவரில் உரசினால், இன்டேக்கை மறந்துவிட்டு டர்போவைக் கவனியுங்கள்.

பெரும்பாலான கிட்டுகள் சொதப்பும் இடம் ஹோஸ்கள்தான். பழைய குழாயில் இரண்டு சின்ன வாய்கள் இருக்கலாம். ஒன்று இன்ஜினின் பிரீத்தர் ஹோஸுக்கு. இன்னொன்று, காலை எடுக்கும்போது மிஞ்சிய பூஸ்ட்டைத் திருப்பிவிடும் வால்வின் ஹோஸுக்கு. மேஃப் சென்சார் உள்ள வண்டியில் இரண்டுமே சென்சாரைத் தாண்டிய பிறகுதான் சேர வேண்டும். மதுரையில் ஒரு கடையில் கிட் மாட்டிக்கொண்டு வந்த காரைப் பார்த்தேன். புதுக் குழாயில் பிரீத்தருக்கு வாயே இல்லை. கடைக்காரர் பிரீத்தரின் முனையில் எலுமிச்சை அளவு குட்டி ஃபில்டரைச் சொருகி, இன்ஜின் மேலேயே விட்டிருந்தார். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய், செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. கோட் பி0171, கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஏசி போட்டால் உள்ளே எண்ணெய்ப் புகை நாற்றம். வண்டிக்காரர் ஏசியில் கோளாறு என்று நினைத்து அதற்கும் தனியாகச் செலவு செய்திருந்தார், பாவம்.

மேஃப் உள்ள வண்டிக்கு இன்னொரு எச்சரிக்கை. சென்சார் உட்காரும் இடத்தில் குழாயின் உள்விட்டம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். பெரிய குழாய் கெத்தாக இருக்கும். ஆனால் விட்டம் கூடினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும், ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டிகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. மாட்டி முடித்து ஓட்டியபின் ஓபிடியில் ஃபியூயல் டிரிம், அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி, கூட்டலிலோ கழித்தலிலோ ஐந்துக்குள் நின்றால் நல்லது. கூட்டலில் பத்தைத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது சென்சார் தப்பாகச் சொல்கிறது. இன்ஜின் சில முறை சூடாகி ஆறிய பிறகு கிளாம்புகளை மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள், சிலிக்கான் ஹோஸ் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

ஃபில்டரை பம்பருக்குக் கீழே கொண்டுபோகும் நீளக் குழாய் வகையை நம் ஊரில் தொடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பிச் சாலையில் தண்ணீர் ஓடும்போதும், ரயில்வே தரைப்பாலத்துக்குள் குளம் கட்டும்போதும் அந்த ஃபில்டர்தான் முதலில் முழுகும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்குத் தனி ஆட்-ஆன் போடாதவருக்கு அந்தச் செலவு கைக்காசுதான். ஆட்-ஆன் இருந்தாலும், சொல்லாமல் மாற்றிய பாகத்தைக் காட்டி இழுத்தடிக்க இடமுண்டு. வாரன்டியில் இருக்கும் வண்டிக்கும் இதே தொல்லை.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஃபில்டரை மட்டும் மாற்றியதற்காக வழியில் மறித்ததை நான் பார்த்ததில்லை. சைலன்ஸரையும் சேர்த்து மாற்றி ஊரை எழுப்பினால் பானெட்டையும் திறக்கச் சொல்வார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதலில் இன்டர்கூலரைப் பார்ப்பேன். பம்பருக்குள் இருக்கும் அதன் துடுப்புகளில் செம்மண்ணும் பூச்சியும் அப்பியிருக்கும். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும், வெயில் காலத்தில் கிட்டைவிட அது அதிகம் உதவும். அடுத்து, காகித ஃபில்டரை மேனுவலில் தூசி மிகுந்த இடத்துக்கென்று சொல்லியிருக்கும் கணக்குப்படி சீக்கிரமே மாற்றுவேன். அதற்கும் மேல் ஆசை விடவில்லை என்றால், பழைய பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் உலர் ஃபில்டர். கொஞ்சம் விசிலும் கேட்கும், மூடிய பாக்ஸும் இருக்கும்.

இல்லை, முழுக் கிட்டும் வேண்டும் என்றால் மூடிய பாக்ஸோடு, பிரீத்தர் வாயோடு, உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக வாங்குங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பது எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது. கழற்றிய பாக்ஸை, அதன் ரப்பர் புஷ், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். சர்வீஸுக்கு விடும்போதும் விற்கும்போதும் தேவைப்படும். உங்கள் வண்டியில் மேஃப் சென்சாரா, மேப் சென்சாரா என்று பார்த்துக் கீழே எழுதினால், அந்தக் கிட் சரிப்படுமா என்று சொல்கிறேன்.