முறைகேடு ‘நடந்தது’; செய்தது யார்?

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கணக்கு உதைக்கிறது. ஒரு நாளிதழ் ‘முறைகேடு’ என்கிறது, இன்னொன்று ‘மோசடி’, மூன்றாவது ‘கையாடல்’. எல்லாம் ஒன்றுதானா ஐயா? — சேலம் மாவட்ட வாசகி

இல்லையம்மா. நீங்கள் சொன்ன சங்கத்தையே வைத்துப் பார்ப்போம்.

வெளியாள் ஒருவர் கவரிங் வளையலைத் தங்கம் என்று சொல்லி அடகு வைத்துப் பணம் வாங்கிப் போனால், அது மோசடி. ஏமாற்றி, நம்மையே நம் கையால் எடுத்துக் கொடுக்க வைப்பது. அதே சங்கத்தின் காசாளர், பெட்டகத்தில் இருக்கும் உங்கள் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் மறு அடகு வைத்தால், அது கையாடல். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றி வாங்கவில்லை. நம்பி ஒப்படைத்தது அவர் கையில்தான் இருந்தது, கை நீண்டுவிட்டது. சட்டமும் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், காசாளர் செய்த மாதிரியான கையாடலுக்கு (சட்டம் அதை நம்பிக்கை மோசடி என்கிறது) 316-ஆம் பிரிவு, ஏமாற்றி வாங்குகிற மோசடிக்கு 318-ஆம் பிரிவு. மதிப்பீட்டாளருக்குத் தெரிந்தே போலி நகை உள்ளே வந்திருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும், கூட்டுச்சதியும் வரும்.

அப்புறம் முறைகேடு? தண்டனைச் சட்டத்தில் அந்தப் பெயரில் தனிக் குற்றம் கிடையாது. 2024-இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வுச் சட்டத்தை ‘முறைகேடு தடுப்புச் சட்டம்’ என்று நாங்கள் எழுதுகிறோம், உண்மைதான். ஆனால் அதிலும் வினாத்தாளைக் கசியவிடுவது, விடைத்தாளைத் திருத்துவது என்று செயல்களை ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று வருகிறது. வெறும் முறைகேட்டுக்காக ஒருவரை உள்ளே தள்ள முடியாது.

எனக்கு இந்தச் சொல்லோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இரவு வேலை பார்த்தவன் நான். இரவு பதினொன்றரைக்கு மாவட்டத்திலிருந்து செய்தி வரும்: அலுவலகத்தில் இத்தனை லட்சம் குறைகிறது, அதிகாரி விசாரிக்கிறார். நிருபர் ‘மோசடி’ என்று எழுதியிருப்பார். மூத்த ஆசிரியர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்பார். “யார் மோசடி பண்ணினான்? எஃப்.ஐ.ஆர். இருக்கா? இல்லேன்னா முறைகேடுன்னு போடு” என்பார். அவர் சொன்னது சரிதான். பெயர் போட்டு மோசடிக்காரர் என்று அச்சடித்துவிட்டு, நாளைக்கு அவர் கணக்கோடு வந்து நின்றால் அவதூறு வழக்கு நம் தலையில். அதனால் முறைகேடு என்பது பத்திரிகைக்காரனின் தற்காலிகச் சொல். கணக்கு இடிக்கிறது, யார் என்று இன்னும் தெரியாது என்கிற அளவுக்கு அது நேர்மையான சொல்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. வழக்குப் பதிவாகும், ஆள் கைதாவார், பிரிவு எண்கூட வெளியே வந்துவிடும். செய்தியில் மட்டும் முறைகேடு அப்படியே உட்கார்ந்திருக்கும். காரணம், அந்தச் சொல் சேர்த்துக்கொள்ளும் வினை. சொல்லிப் பாருங்கள்: மோசடி செய்தார், கையாடல் செய்தார், லஞ்சம் வாங்கினார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஆள் வந்து நிற்கிறார். முறைகேடு மட்டும் ‘நடந்தது’. மழை பெய்தது மாதிரி. ‘முறைகேட்டில் ஈடுபட்டார்’ என்றும் எழுதுகிறோம், ஆனால் அதிலும் ஆள் ஏதோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தொனிதான். அதிகாரிகளின் அறிக்கைகளுக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

சொல் பிறந்தபோது இப்படி மழுப்பலாக இருந்திருக்க வேண்டியதில்லை. முறை என்றால் ஒழுங்கு, நீதி, உறவும்கூட. ‘அவர் உனக்கு என்ன முறை?’ என்கிறோமே. கெடு என்ற வினை முதலெழுத்து நீண்டு கேடு ஆனது. சுடு, சூடு ஆனதுபோல. நீதி கெட்டது என்பதுதான் நேர்ப்பொருள். குறளில் ‘முறைகோடி மன்னவன் செய்யின்’ என்று வருகிறது (559). கோடுதல் என்றால் வளைதல். முறை வளைந்தது என்று சொன்ன கையோடு, வளைத்தவன் மன்னவன் என்று அடுத்த சொல்லிலேயே ஆளைக் காட்டிவிடுகிறார் வள்ளுவர். அடுத்த அடியில் மழை பெய்யாது என்கிறார், அது வேறு கதை.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டும் இந்த விஷயத்தில் கறார். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதவே கூடாது. அவர் மட்டுமில்லை, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் என்று அவருக்கு முறையாகிறவர்கள் எல்லோரும் சேர்த்து வெளியே. இந்தக் காலத்துக்கு இது அதிகம்தான். ஆனாலும் ‘கணக்குக் காட்டாதவர்’ என்ற சொல்லில் ஆளும் இருக்கிறார், செயலும் இருக்கிறது.

ஆகவே அம்மா, பொதுக்குழுவில் பேசும்போது ‘முறைகேடு நடந்திருக்கிறது’ என்று தொடங்காதீர்கள். எந்தத் தேதி, எந்தக் கடன் எண், பெட்டகச் சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். மனு எழுதும்போதும் அப்படியே. என்ன குற்றம் என்று பெயர் வைக்கிற வேலையைக் காவல் துறைக்கு விட்டுவிடலாம்.

ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்டி’ என்கிறோம். புதிய சட்டம் வந்த பிறகும் அப்படிச் சொல்லலாமா? — மதுரை வாசகர்

திட்டுவதற்குத் தாராளமாகச் சொல்லலாம். 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவிலிருந்து வந்த பட்டம் அது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் குற்றம் 318(4)-க்குக் குடிபோய்விட்டது. யாரையாவது ‘த்ரீ எய்ட்டீன்’ என்று திட்டிப் பாருங்கள், பேருந்து எண் என்று நினைப்பார்.

லஞ்சம், இலஞ்சம், கையூட்டு, மாமூல்: எதை எழுதுவது? — நெல்லை வாசகர்

லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இகரம் சேர்த்து இலஞ்சம் என்று எழுதுகிறார்கள். வடசொல் வேண்டாம் என்பவர்கள் கையூட்டு என்கிறார்கள். அழகான சொல், ஆனால் கவுன்டரில் நிற்கிறவர் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே புழங்குவது ‘கொஞ்சம் கவனிங்க’, ‘டீ செலவுக்கு’, ‘மேலே வரைக்கும் கொடுக்கணும் சார்’. நான் லஞ்சம் என்றே எழுதுகிறேன்.

மாமூல் சுவாரசியமானது. அரபி வழி வந்த சொல். பொருள் ‘வழக்கமானது’, அவ்வளவுதான். ‘மாமூலா வர்ற பால்காரர்’ என்றால் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. வழக்கமாகக் கொடுக்க வேண்டிய பணம் என்ற பொருளில் புழங்கிப் புழங்கி, மாதாமாதம் போகிற லஞ்சத்துக்கே பெயராகிவிட்டது. ஆக, ஒரு தடவை வேலை முடிக்கக் கொடுப்பது லஞ்சம், ஒரு வேலையும் இல்லாமல் தேதி தவறாமல் கொடுப்பது மாமூல்.

இன்னொன்று. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கிவிட்டார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும். முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால், நோட்டில் பினாப்தலீன் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். இந்தச் செய்தியில் மட்டும் எந்த நிருபரும் முறைகேடு என்று எழுத மாட்டார். ‘கையும் களவுமாக’ என்பார். களவு என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் காதல் என்றும் ஒரு பொருள் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் அதை நினைக்க யாருக்கும் மனம் வராது.

‘முறைகேடான உறவு’ என்று செய்திகளில் வருகிறதே, அது சட்டப்படி குற்றமா? — திருச்சி வாசகி

வயது வந்த இருவர் விரும்பிப் பழகுவது குற்றம் இல்லை. மணமுறை தாண்டிய உறவைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது. விவாகரத்துக்கு அது காரணமாகலாம், சிறைக்குக் காரணமாகாது. பண விஷயத்தில் ஆளை மறைக்கிற அதே சொல், இங்கே தெருவே கூடித் தீர்ப்புச் சொல்வதற்குப் பயன்படுகிறது. கள்ளக்காதல், தகாத உறவு என்பவையும் அந்த ரகம்தான். ‘திருமணம் தாண்டிய உறவு’ என்றால் நடந்தது என்ன என்று தெரிந்துவிடுகிறது, அது போதும். பெரும்பாலான செய்திகளுக்கு அந்தத் தகவலே தேவையில்லை என்பது என் கட்சி.

‘முறைகேடை விசாரிக்க வேண்டும்’ என்று எங்கள் ஊரில் பேனர் வைத்திருக்கிறார்கள். சரியா? — பள்ளி மாணவர், தஞ்சாவூர்

வீடை, ஆடை என்பாயா? வீட்டை, ஆட்டை என்பாய் அல்லவா? அதேபோல முறைகேட்டை, முறைகேட்டுக்கு, முறைகேட்டால். பன்மையில் மட்டும் முறைகேடுகளை. முறைக்கேடு என்று க் போடுவதும் வேண்டாம். பேனர் வைத்தவர்களிடம் மெதுவாகச் சொல்லு, கோபமாக இருப்பார்கள்.