ஒலிப்பதிவு படிக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒலிப்பதிவு, ஒலிப் பொறியியல், இசைத் தொழில்நுட்பம் என்று பல பெயர்களில் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதானா? எதில் சேர்வது?

ஒன்றல்ல. பெயரை விட்டுவிட்டு முதல் இரண்டு ஆண்டுகளின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வகை தெரியும்.

முதலாவது, ‘டோன்மைஸ்டர்’ (ஜெர்மன் மொழியில் ‘ஒலி வல்லுநர்’) வழி வந்த படிப்புகள். ஒலிப்பதிவு செய்பவர் இசை தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை. இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1946-லேயே இப்படிப்பட்ட பயிற்சி வேண்டும் என்று எழுதினார். ஜெர்மனியின் டெட்மோல்டில் 1949-லும் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 1970-லும் இத்தகைய படிப்புகள் தொடங்கின. ஸ்கோர் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாமல் இந்த வகைப் படிப்பில் இடம் கிடைப்பது கடினம். இரண்டாவது, பொறியியல் சார்ந்தது: மின்னணுவியல், ஒலியியல், சிக்னல் புராசஸிங். கருவியையும் மென்பொருளையும் உருவாக்க விரும்புவோருக்கானது. மூன்றாவது, தயாரிப்பு சார்ந்தது: பதிவு, மிக்ஸிங், படத்துக்கான ஒலி.

எந்த வகையானாலும், விளம்பரத்தில் வரும் பெரிய மிக்ஸிங் கன்சோலின் படத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ கிடைக்கும் என்று கேளுங்கள். 60 பேருக்கு ஒரே ஸ்டுடியோ என்றால், இரவு பகலாகத் திறந்து வைத்தாலும் ஆளுக்கு மூன்று மணி நேரம் தேறாது. அடுத்து, மாணவர் பதிவு செய்ததை ஆசிரியர் கூடவே உட்கார்ந்து கேட்டுக் குறை சொல்வாரா என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நேரடியான பதில் வராத இடத்தில் சேர்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: எனக்குக் கணிதம் சுமார்தான். சமாளிக்க முடியுமா?

மடக்கையும் முக்கோணவியலும் கைவசம் இருந்தால் தயாரிப்புப் படிப்பைத் தாராளமாகச் சமாளிக்கலாம். பொறியியல் பக்கம் போனால் கலப்பெண்களும் ஃபூரியே உருமாற்றமும் கட்டாயம் வரும்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு: ஒரு வயலின் 80 டெசிபல் என்றால், அதே அளவில் வாசிக்கும் இன்னொரு வயலினும் சேர்ந்தால் எவ்வளவு? 160 அல்ல, 83. திறன் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். ஆனால் ஒரே சிக்னலை இரண்டு ஸ்பீக்கர்களில் விட்டு, இரண்டிலிருந்தும் சம தூரத்தில் நின்று கேட்டால் சுமார் 86 வரும். அங்கே அலைகள் மேடோடு மேடாகச் சேர்ந்து அழுத்தமே இரட்டிப்பாகிறது. இந்த 3-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு ஏன் என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்க முடிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: ஒருவரே கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுகிறார். குரலுக்கு ஒரு மைக், கிட்டாருக்கு ஒரு மைக். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சேர்த்தால் குரல் மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. மைக் மோசமா?

மைக் மேல் குற்றமில்லை. குரல் இரண்டு மைக்கிலும் விழுகிறது, ஆனால் வெவ்வேறு நேரத்தில். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. கிட்டார் மைக் வாயிலிருந்து 34 சென்டிமீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால், குரல் அதில் 1 மில்லிநொடி தாமதமாகச் சேரும். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரைச் சுற்று. ஆகவே இரண்டு டிராக்கையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் அடிபடும்; தொடர்ந்து 1500, 2500 என்று வரிசையாகக் குழிகள் விழும். குரலின் சதைப்பற்று இருக்கும் இடமே இதுதான். இதற்குக் கோம்ப் ஃபில்டரிங் என்று பெயர்.

மிக்ஸரில், அலையின் மேடு பள்ளத்தைத் தலைகீழாக்கும் ‘போலாரிட்டி’ பொத்தானை அழுத்தினால் தீருமா? தீராது. குழிகள் 1000, 2000 என்று இடம் மாறும், கீழ்ஸ்வரங்களும் கரையும். சில வேளை அது காதுக்குத் தேவலாம் என்று தோன்றும், அவ்வளவே. கிட்டார் டிராக்கை 1 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவெடுப்பு) எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 48 சாம்பிள், முன்னால் நகர்த்தினால் குரல் பொருந்திவிடும். ஆனால் குரல் மைக்கில் விழுந்திருக்கும் கிட்டார் ஒலியோடு உள்ள இடைவெளி அதே அளவு கூடிவிடும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுப்பது இப்படித்தான். தேர்வுகளிலும் இதை அடிக்கடி பார்க்கலாம்.

தீர்வு பதிவின்போதே. இரண்டு மைக்கையும் ‘ஃபிகர் எயிட்’ நிலைக்கு மாற்றுங்கள். இந்த நிலையில் மைக் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கிட்டத்தட்டச் செவிடு. கிட்டார் மைக்கைச் சாய்த்து அதன் செவிட்டுப் பக்கம் வாயை நோக்கும்படியும், குரல் மைக்கின் செவிட்டுப் பக்கம் கிட்டாரை நோக்கும்படியும் வையுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பாடுபவரைப் பாடச் சொல்லி, கிட்டார் மைக்கைச் சிறிது சிறிதாகத் திருப்பினால் குரல் சட்டென்று அமுங்கும் கோணம் பிடிபடும். பின்பக்கமும் கேட்கும் என்பதால் சுவரோரம் வைக்காதீர்கள்.

அப்படி மாற்ற முடியாத மைக் என்றால், வாய்க்கும் குரல் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மும்மடங்காவது தள்ளி அடுத்த மைக் இருக்கட்டும். அப்போது கசியும் குரல் சுமார் 9.5 டெசிபல் தாழ்ந்திருக்கும். குழிகளின் ஆழம் குறையும். ஆனால் கிட்டார் மைக்கின் கெயினை ஏற்றினால் அந்த லாபம் போய்விடும். இரண்டுமே சரிவரவில்லையா? ஒரே நல்ல மைக்கை எதிரே வைத்து, குரலும் கிட்டாரும் சமமாகக் கேட்கும் உயரத்தைத் தேடிப் பதிவு செய்யுங்கள். ஒரே மைக்கென்றால் இந்தச் சண்டையே கிடையாது.

கேள்வி: சேர்க்கைக்கு மாதிரிப் பதிவுகள் கேட்கிறார்கள். எத்தனை, எப்படி அனுப்புவது?

எண்ணிக்கையை அவர்களே சொல்லாவிட்டால் மூன்று போதும். இரண்டு நீங்களே மைக் வைத்துப் பதிவு செய்தவையாக இருக்கட்டும். முழுக்க முழுக்க லூப்களால் (ஏற்கெனவே தயாராகக் கிடைக்கும் ஒலித் துணுக்குகளால்) கட்டிய பாடல் உங்கள் காதைப் பற்றி அதிகம் சொல்லாது.

ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதுங்கள்: எந்த மைக், எந்தக் கோணம், எவ்வளவு தூரம், ஏன் அப்படி, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள். பல இடங்களில் நேர்காணல் இந்தக் குறிப்பைச் சுற்றித்தான் நடக்கும். 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள். லிமிட்டரைப் போட்டு நசுக்கிச் சத்தம் ஏற்ற வேண்டாம். கேட்பவருக்கு வால்யூம் கூட்டத் தெரியும். பதிவிலும் அப்படியே: உச்ச வரம்பை 0 என்று காட்டும் டிஜிட்டல் மீட்டரில் சராசரி அளவு −18, உச்சம் −10 டெசிபல் அருகே நின்றால் போதும். 24 பிட்டில் சிவப்பு விளக்குவரை தள்ளுவதால் எந்த லாபமும் இல்லை.

கேள்வி: விடுதி அறையில் முட்டை அட்டை ஒட்டியும் பேஸ் முழங்குகிறது. ஏன்?

அட்டையைக் கழற்றிவிடுங்கள், தீப்பற்றும் பொருள் வேறு. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர். மெல்லிய அட்டையோ இரண்டு சென்டிமீட்டர் ஃபோமோ அதற்குக் கண்ணிலேயே படாது. மேல்ஸ்வரங்களை மட்டும் உறிஞ்சி அறையை இன்னும் மந்தமாக்கும். 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கி நிற்கும். நீளமும் அகலமும் சமமாக இருந்தால் இரட்டைத் தொல்லை.

செலவில்லாத முதல் மருந்து, இருக்கையை நகர்த்துவது. அறையின் நட்டநடுவிலும் பின்சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 விழுக்காடு தள்ளி உட்கார்ந்து தொடங்கி, முன்பின் நகர்ந்து காதால் முடிவு செய்யுங்கள். பிறகு, 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (பாறை இழை) பலகைகளைத் துணியால் மூடி மூலைகளில் நிறுத்துங்கள். பின்னால் அதே அளவு காற்றிடைவெளி விட்டால் இன்னும் கீழே வரை வேலை செய்யும். மிக ஆழமான பேஸை இதுவும் முழுதாக அடக்காது. அதை ஹெட்ஃபோனில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாடும்போது ஹெட்ஃபோனில் குரல் பிந்தி வருகிறது.

பஃபரைக் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் சாம்பிள் எண்ணிக்கையை) குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிநொடி. 128 என்றால் 2.7. கம்ப்யூட்டர் திணறி ‘டக் டக்’ என்று கேட்டால் கனமான பிளக்-இன்களை அணையுங்கள். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில், குரலைக் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு விடும் ‘டைரக்ட் மானிட்டர்’ இருந்தால் அதுவே உத்தமம். மிக்ஸிங்கின்போது பஃபரைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

கேள்வி: காதுப் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாமா?

இப்போதே தொடங்கலாம். பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த ‘ஷ்’ என்ற இரைச்சலை) ஓடவிட்டு, 63, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸில் ஏதாவது ஒன்றை நண்பரைவிட்டு 12 டெசிபல் ஏற்றச் சொல்லிக் கண்டுபிடியுங்கள். பத்தில் எட்டு சரியானதும் 6 டெசிபல், பிறகு 3, அதன் பிறகு நாய்ஸுக்குப் பதில் இசை. ஒரு அமர்வுக்கு 20 நிமிடம்; காது களைத்தபின் செய்யும் பயிற்சி வீண். இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது அளவைச் சமமாக்குங்கள். 1 டெசிபல் கூடினாலே, கூடியதுதான் நல்லது என்று காது சாதிக்கும்.

85 டெசிபலில் (ஏ அளவீடு) ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 94-இல் 1 மணி, 100-இல் 15 நிமிடம். டிரம்ஸ் அருகே மைக் நகர்த்தப் போகும்போதும் காதடைப்பான் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: எந்த மென்பொருளை முதலில் கற்பது?

கையில் இருப்பதை. ஒன்றில் ரூட்டிங், எடிட்டிங், ஆட்டோமேஷன் பிடிபட்டால் அடுத்ததற்குச் சில வாரம் போதும். அந்த நேரத்தில் சால்டரிங் கற்றுக்கொண்டு ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள் செய்து பாருங்கள்: 1 ஷீல்டு (காப்பு உறை), 2 ஹாட் (நேர் சிக்னல்), 3 கோல்ட் (எதிர் சிக்னல்). இரு முனையிலும் ஒரே வரிசைதானா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஃபான்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம்) கொடுங்கள்.