கிளையை வெட்டத் தயங்காதீர்கள்

கேள்வி: கணவரின் வேலை காரணமாகக் கியோட்டோவுக்குக் குடிவந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் தன்னுடன் இகெபானா எனும் ஜப்பானியப் பூ அலங்கார வகுப்புக்கு வரச் சொல்கிறார். "பூவை ஜாடியில் வைக்க வகுப்பு எதற்கு?" என்கிறார் கணவர். எனக்கு ஜப்பானிய மொழியும் அரைகுறை. சேரலாமா?
- ஒரு வாசகி, கியோட்டோ

பதில்: தாராளமாகச் சேருங்கள். உங்கள் கணவரின் கேள்வியோடுதான் நானும் அங்கே ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கொடுத்த ஐந்து செவ்வந்தியையும் தட்டு நிறைய வைத்தேன். ஆசிரியை எதுவும் பேசாமல் மூன்றை உருவி ஓரமாக வைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மிச்சமிருந்த இரண்டையும் அப்போதுதான் பார்த்தேன்.

பூவைவிடக் கிளைதான் பாடாய்ப் படுத்தும். ஈயக் கட்டியில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும் கென்சானில், கிளையை முதலில் நேராகக் குத்தி இறக்கிவிட்டுப் பிறகு சாய்க்க வேண்டும். எடுத்தவுடன் சாய்த்துக் குத்தினால் விழுந்துவிடும். எனக்கு நான்கு முறை விழுந்தது. இகெபானாவில் பல பள்ளிகள், அதாவது மரபுகள், உண்டு. அவற்றில் ஒன்றான சோகெட்சு பள்ளியின் தொடக்கப் பாடத்தில் கணக்கும் உண்டு. தட்டின் அகலம் 30 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்றால், இரண்டையும் கூட்டி ஒன்றரையால் பெருக்க வேண்டும். வரும் 54 செ.மீ.தான் 'ஷின்' எனும் முதன்மைக் கிளையின் நீளம். அது செங்குத்திலிருந்து 15 பாகை சாயும். ஷின்னின் நீளத்தில் முக்கால் பங்கு 'சோயே' எனும் இரண்டாவது கிளை, அது 45 பாகை சாயும். அளவெடுத்த பிறகும் வெட்ட மனம் வராது, வெட்டுங்கள். தண்டை மட்டும் தண்ணீருக்குள் வைத்து வெட்டுங்கள், காற்று புகாது.

எந்தப் பள்ளி என்று மலைக்க வேண்டாம். 1927இல் தோன்றிய சோகெட்சுவில் சுதந்திரம் அதிகம். மிகப் பழையது இகெனோபோ. அதன் துறவி ஒருவர் 1462இல் பூ அமைத்ததைக் காண ஊரே திரண்டதாகக் குறிப்பு இருக்கிறது. அதன் பிறப்பிடமான ரொக்ககுதோ கோயில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஒரு நடை போய்வாருங்கள். மற்றபடி, பக்கத்து வீட்டு அம்மாளின் ஆசிரியை எந்தப் பள்ளியோ அதுவே உங்களுக்கும் நல்லது.

மொழி பெரிய தடையில்லை. ஆசிரியையின் கை சொல்லிவிடும். நான் அதிகம் கேட்டது 'மோ சுகோஷி', இன்னும் கொஞ்சம். கூடவே அவர் விரல் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும்.

வகுப்பு முடிந்ததும் அமைப்பைப் படம் வரைந்துகொண்டு, பிரித்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து வீட்டில் மறுபடி வைத்துப் பாருங்கள். நீளமான பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் வாரத்து ஷின் பஸ் கதவில் சிக்கி முறிந்தது.