ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் வால்யூம்களைப் புதிய டிஸ்க் அரேவுக்கு நிறுத்தாமல் மாற்ற முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: லினக்ஸ் சர்வர், எல்விஎம் (டிஸ்க்குகளை ஒரே வால்யூம் குரூப்பாக்கி, அதிலிருந்து லாஜிகல் வால்யூம்களைப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி), ஃபைபர் சேனல் என்ற ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் ஒரு பழைய அரே (பல டிஸ்க்குகள் கொண்ட ஸ்டோரேஜ் பெட்டி), அதில் சுமார் 10 டெராபைட் டேட்டா. புதிய அரே வந்து ரேக்கில் ஏறிவிட்டது. சேவையை நிறுத்தாமல் மாற்ற முடியுமா, ஃபைல்களை காப்பி செய்யும் ஆர்சிங்க் போதுமா, எவ்வளவு நேரம் பிடிக்கும்?

முடியும். எல்விஎம் இருப்பதால் பாதித் தலைவலி இல்லை. இந்த வேலையை அடிக்கடி செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: எல்லாரும் பயப்படுவது டேட்டா நகரும் நேரத்தைப் பார்த்து. ஆனால் வம்பு வருவது பெரும்பாலும் அதற்கு அப்புறம், பழைய அரேவைக் கழற்றும்போதுதான்.

நகர்த்தும் வேலை சுருக்கமாக இவ்வளவுதான். ஸோனிங் செய்து (சர்வரும் புதிய அரேவும் ஒன்றையொன்று பார்க்க ஸ்விட்சில் அனுமதி கொடுத்து), புதிய அரேவில் லன் (அரே ஒரு டிஸ்க்காகக் காட்டும் பகுதி) உருவாக்கி, ஹோஸ்டுக்கு, அதாவது சர்வருக்கு, மேப் செய்யுங்கள். எஸ்சிஎஸ்ஐ பஸ்ஸை ரீஸ்கேன் செய்தால் புது டிஸ்க் தெரியும். ஒரே டிஸ்க்குக்குப் போகும் பல பாதைகளை ஒன்றாக்கிக் காட்டும் மல்டிபாத்தில் எல்லாப் பாதையும் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நான்கு வர வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் வந்தால் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். பிறகு மல்டிபாத் டிவைஸ் மீது மூன்று எல்விஎம் கட்டளைகள்: பிவிகிரியேட் (டிஸ்க்கை எல்விஎம்முக்குத் தயார் செய்யும்), விஜிஎக்ஸ்டெண்ட் (அதை வால்யூம் குரூப்பில் சேர்க்கும்), பிவிமூவ் (டேட்டாவைப் பழைய டிஸ்க்கிலிருந்து நகர்த்தும்). ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆனபடியே இருக்கும், அப்ளிகேஷனுக்கு ஒன்றும் தெரியாது.

விஜிஎக்ஸ்டெண்டுக்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்: இரண்டு அரேவும் காட்டும் லாஜிகல் செக்டர் அளவு, அதாவது டிஸ்க் ஒரு தடவையில் படிக்கும், எழுதும் மிகச் சிறிய துண்டின் அளவு. பழையது 512 பைட்டாகவும் புதியது 4096 பைட்டாகவும் இருந்தால் சிக்கல். 512 செக்டரில் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், 4096 செக்டர் டிஸ்க்கில் மவுண்ட் ஆகாது. புதிய எல்விஎம் பதிப்புகள் இப்படிக் கலப்பதை முதலிலேயே மறுத்துவிடும்; பழைய பதிப்புகள் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிளாக்டெவ் கட்டளையில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். வித்தியாசம் இருந்தால் பிவிமூவை மறந்துவிடுங்கள். புதிய லன்னை 512 ஆகக் காட்ட அரேவில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஆர்சிங்க்தான்.

நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நொடிக்கு 200 மெகாபைட் வேகம் கிடைத்தால் 10 டெராபைட்டுக்கு 50,000 நொடி, அதாவது ஏறக்குறைய 14 மணி நேரம். பகலில் டேட்டாபேஸும் அதே டிஸ்க்கில் அடித்துக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். அதனால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் நகர்த்தாமல், லாஜிகல் வால்யூம் ஒவ்வொன்றாகப் பெயர் கொடுத்து நகர்த்துவது என் வழக்கம். பிவிமூவ் தானாகவே 15 நொடிக்கு ஒருமுறை சதவீதத்தைக் காட்டும். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். நடுவில் சர்வர் ரீபூட் ஆனாலும் பிவிமூவ் என்று மட்டும் மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் கைவிட அபார்ட் கொடுத்தால், சாதாரணமாக, முழுதாக நகர்ந்துவிட்ட பகுதிகள் புதிய டிஸ்க்கிலேயே தங்கிவிடும். எல்லாமே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் தொடங்கும்போதே அட்டாமிக் என்ற ஆப்ஷனைக் கொடுத்திருக்க வேண்டும்.

நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் வால்யூம் குரூப் இரண்டு அரேவிலும் கால் வைத்து நிற்கிறது. இரண்டில் எது விழுந்தாலும் நீங்கள் விழுவீர்கள். அந்த இடைவேளையில் ஏதாவது ஒரு அரேவில் மட்டும் எடுத்த ஸ்னாப்ஷாட்டில் பாதி டேட்டாதான் இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. ஆகவே தொடங்குமுன் முழு பேக்கப். எடுத்தால் போதாது, ஒரு சில ஃபைல்களையாவது ரீஸ்டோர் செய்து பார்த்திருக்க வேண்டும்.

"ஏதாவது ஆனால் பழைய அரேவுக்குத் திரும்பிவிடலாம்" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். பிவிமூவ் செய்தால் அந்த வழி கிடையாது. அது காப்பி அல்ல, நகர்த்தல். முடிந்த பிறகு பழைய டிஸ்க்கில் எல்விஎம் அடையாளம் காணும்படி எந்த வால்யூமும் இருக்காது. திரும்பும் வழி வேண்டுமென்றால் எல்விகன்வெர்ட் கட்டளை மூலம் புதிய டிஸ்க்கில் ஒரு மிரர் (எழுதுவதெல்லாம் இரண்டு பக்கமும் பதியும் பிரதி) சேருங்கள். இரண்டும் சமமானதும் ஃபைல் சிஸ்டத்தை ஒரு கணம் உறைய வைத்து, பழைய பக்கத்தைத் தனி வால்யூமாகப் பிரித்துவிடுங்கள். அந்த நொடியின் நிலை அப்படியே பழைய அரேவில் இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் அந்தப் பிரதியை அதே சர்வரில் மவுண்ட் செய்ய நோயூயூஐடி ஆப்ஷன் வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் இல்லாவிட்டால் மறுக்கும். முக்கியமான டேட்டாபேஸ் வால்யூமுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன், மற்றவைக்கு பிவிமூவ் போதும்.

ஆர்சிங்க் எப்போது? செக்டர் அளவு ஒத்துவராதபோது, ஃபைல் சிஸ்டம் வகையையே மாற்றும்போது, அல்லது எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சின்னதாக்க வேண்டியபோது. முதல் சுற்றை சேவை ஓடும்போதே விடலாம், கடைசிச் சுற்றுக்கு நிறுத்தியே ஆக வேண்டும். ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) இரண்டுக்குமான ஆப்ஷன்களைத் தனியாகக் கொடுக்க வேண்டும், வெறும் ஆர்க்கைவ் ஆப்ஷனில் அவை வராது.

சரி, இப்போது கழற்றும் கட்டம். வரிசை முக்கியம்: முதலில் ஹோஸ்ட், பிறகுதான் அரே. விஜிரெட்யூஸ் (பழைய டிஸ்க்கை வால்யூம் குரூப்பிலிருந்து எடுக்கும்), பிவிரிமூவ் (அதன் எல்விஎம் அடையாளத்தை அழிக்கும்), மல்டிபாத் மேப்பை ஃப்ளஷ் செய்தல், அதன் கீழிருந்த ஒவ்வொரு எஸ்டி டிவைஸையும் (ஒவ்வொரு பாதைக்கும் லினக்ஸ் கொடுக்கும் டிஸ்க் பெயர்) நீக்குதல். இவ்வளவும் முடிந்த பிறகு அரேவில் மேப்பிங்கை எடுக்கலாம். மாற்றிச் செய்தால், பாதை இல்லாதபோது ஐ/ஓவை வரிசையில் நிறுத்திவைக்கும்படி மல்டிபாத் அமைந்திருந்தால், அந்த டிஸ்க்கைத் தொடும் எல்லா ப்ராசஸும் டி நிலையில், அதாவது டிஸ்க்கின் பதிலுக்காக எதற்கும் அசையாமல் காத்திருக்கும் நிலையில், உறைந்துபோகும். சிபியூ சும்மா இருக்க, லோட் ஆவரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ப்ராசஸைக் கட்டாயமாக நிறுத்தும் கில் 9 கொடுத்தாலும் அசையாது. எல்விஎம் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் பிவிஎஸ் என்று அடித்தால் அந்த டெர்மினலும் போச்சு. இதைவிட மோசம், காலியான அதே லன் எண்ணில் ஸ்டோரேஜ் அட்மின் வேறொரு டிஸ்க்கை மேப் செய்துவிடுவது. ஹோஸ்டில் கிடக்கும் பழைய எஸ்டி பெயர் இப்போது வேறு யாருடைய டேட்டாவையோ காட்டும்.

எதையும் நீக்கும் முன் பழைய அரேவின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து லன் வாரியாக ஐ/ஓவைப் பாருங்கள். பெரும்பாலானவை பூஜ்யத்தில் படுத்திருக்கும். ஒன்று மட்டும் சில நொடிக்கு ஒருமுறை சின்னதாக எழுதிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் கிளஸ்டரின் குவோரம் டிஸ்க் (சேர்ந்து இயங்கும் சர்வர்களில் எவை உயிரோடு இருக்கின்றன என்று முடிவு செய்ய உதவும் சின்ன டிஸ்க்). எல்விஎம்முக்கு வெளியே இருப்பதால் நம் பட்டியலில் அது வந்தே இருக்காது. ஸ்வாப், டேட்டாபேஸ் நேரடியாகப் பிடித்திருக்கும் ரா டிஸ்க் இவையும் அப்படித்தான். அரே அட்மினிடம் பேசும்போது டிஸ்க்கின் டபிள்யூடபிள்யூஐடியை (ஒவ்வொரு லன்னுக்கும் உள்ள மாறாத தனி அடையாள எண்) மட்டும் சொல்லுங்கள். எஸ்டிசி, எஸ்டிடி என்ற பெயர்கள் ரீபூட்டில் மாறும், அளவைச் சொன்னால் அதே அளவில் நான்கு இருக்கும்.

சர்வரே அரேவிலிருந்துதான் பூட் ஆகிறது என்றால் ஒரு ரீபூட்டைத் தவிர்க்க முடியாது. பூட் பார்ட்டிஷன் வழக்கமாக எல்விஎம்முக்கு வெளியே இருப்பதால் பிவிமூவ் அதைத் தொடாது. தனியாக காப்பி செய்து, பூட்லோடரை நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க உதவும் சின்ன ஃபைல் சிஸ்டம்) மறுபடி உருவாக்கி, எச்பிஏ (சர்வரின் ஃபைபர் சேனல் கார்டு) பயாஸில் புதிய அரேவின் போர்ட்டையும் லன்னையும் குறிப்பிட வேண்டும். பழைய அரேவின் மேப்பிங்கை எடுக்குமுன் இந்த ரீபூட்டை முடித்துவிடுங்கள். எழவில்லை என்றால் எச்பிஏ அமைப்பைப் பழையபடி மாற்றி, எங்கே விட்டோம் என்று பார்க்க அப்போது வழி இருக்கும்.