வாசகர் கேள்வி பதில்: குண்டு பல்பின் மின்தடை 40 ஓமா, 529 ஓமா?

கேள்வி: 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தேன், 40 ஓம் காட்டியது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் வரும் என்று படித்திருக்கிறேன். 230-ஐ 230-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 1,300 வாட்டுக்கு மேல் வருகிறதே. மீட்டர் பழுதா, சூத்திரம் பிழையா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: மீட்டரும் பழுதில்லை, சூத்திரமும் பிழையில்லை. நீங்கள் அளந்தது அணைந்திருக்கும் பல்பை. கணக்குப் போட்டதோ எரிகிற பல்புக்கு.

எரியும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. ஆகவே 100 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால், அந்தப் பல்பில் ஓடும் மின்னோட்டம் 0.435 ஆம்பியர் என்று தெரிகிறது. மின்தடை என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவது, 230-ஐ 0.435-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 529 ஓம். உங்கள் மீட்டர் காட்டியதைப் போல இது பதின்மூன்று மடங்கு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வெப்பம்தான். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. பெரும்பாலான உலோகங்களைப் போலவே டங்ஸ்டனின் மின்தடையும் சூடு ஏற ஏற உயர்கிறது. மல்டிமீட்டரோ தன் சிறிய பேட்டரியிலிருந்து மிகச் சிறு மின்னோட்டத்தை மட்டுமே இழையில் செலுத்தி அளக்கிறது. அதனால் இழை கொஞ்சமும் சூடாவதில்லை. 1827-இல் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட விதியைப் பாடநூல்கள் சொல்லும்போது "வெப்பநிலை மாறாதிருக்கையில்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது இதற்காகத்தான். தேர்வு முடிந்ததும் நாம் முதலில் மறப்பதும் அந்த நிபந்தனையைத்தான்.

நீங்கள் கண்ட 1,300 வாட்டும் முற்றிலும் பொய்யான எண் அல்ல. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்தே இருப்பதால், 230-ஐ 40-ஆல் வகுத்து வரும் ஏறக்குறைய 6 ஆம்பியர் அதில் பாயத்தான் செய்கிறது. இழை சூடேறி மின்தடை உயர்ந்ததும், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அது அரை ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே "டப்" என்று உயிரை விட்டதற்கு இந்த முதல் பாய்ச்சல் ஒரு முக்கியக் காரணம்.

இதே சோதனையை 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடில் செய்து பாருங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் இரு பின்களுக்கு இடையே அளந்தால் மீட்டர் 35 ஓமுக்கு அருகில் காட்டும், கணக்கும் 35.3 ஓம் என்றே சொல்லும். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டினால் சில சதவீதமே மாறும் என்பதால் இங்கே இரண்டும் ஒத்துப்போகின்றன.

கேள்வி: எங்கள் தெருவில் மாலையில் 180 வோல்ட்தான் வருகிறது. லோ வோல்டேஜில் ஹீட்டர் போட்டால் அது அதிகக் கரண்ட் இழுக்கும், பில் ஏறும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். உண்மையா?
(வாசகி, பண்ருட்டி)

பதில்: ஹீட்டரைப் பொறுத்தவரை இது உண்மையல்ல. மேலே சொன்ன 35.3 ஓம் ராடையே எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 6.5 ஆம்பியர் இழுக்கும். 180 வோல்ட்டில் 5.1 ஆம்பியர்தான் இழுக்கும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் சேர்ந்தே குறைவதால் திறன் ஏறக்குறைய 920 வாட்டுக்கு விழுந்துவிடுகிறது. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 1,500 வாட்டில் சுமார் 14 நிமிடம் போதும் என்றால், 920 வாட்டில் சுமார் 23 நிமிடம் பிடிக்கும். செலவாகும் மின்சாரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கே. கூடுதல் நேரத்தில் வாளியிலிருந்து காற்றுக்குப் போகும் சூடு மட்டும் சற்றே அதிகம்.

எலக்ட்ரீஷியன் சொன்னது வேறிடத்தில் பொருந்தும். சுமையோடு ஓடும் தண்ணீர் மோட்டார், மின்னழுத்தம் குறைந்தாலும் அதே வேலையைச் செய்ய முயன்று மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்கிறது. கம்பிச்சுற்றில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மின்னோட்டம் கால் பங்கு கூடினாலே சூடு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். லோ வோல்டேஜில் காயில் எரிவது இப்படித்தான்.

கேள்வி: கிளாம்ப் மீட்டரில் என் மோட்டார் 5 ஆம்பியர் காட்டுகிறது. 230-ஆல் பெருக்கி 1,150 வாட் என்று எழுதிக்கொள்ளலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கூடாது. அது 1,150 வோல்ட்-ஆம்பியர். மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வருவதால், இந்தப் பெருக்கலோடு திறன் காரணி என்ற எண்ணையும் பெருக்க வேண்டும், அது 0.8 என்றால் உண்மைத் திறன் 920 வாட்தான். வீட்டு மீட்டரில் யூனிட்டாக ஏறுவதும் இந்த உண்மைத் திறனே. அதே காரணத்தால், 230-ஐ 5-ஆல் வகுத்து வரும் 46 ஓமை அந்தக் காயிலின் மின்தடையாகவும் கொள்ளக் கூடாது. மல்டிமீட்டரில் அளந்தால் அதைவிட வெகு குறைவாகவே இருக்கும்.