வாசகர் கேள்வி: பல்கலைக்கழகம் சரி என்றது, கவுன்சில் ஏன் மறுபடி கேட்கிறது?

கேள்வி: அக்கா, லண்டனில் சோஷல் வொர்க் முதுகலை படிக்கிறேன். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த கணவரையோ மனைவியையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் தமிழர்கள் எட்டுப் பேரிடம் பேசி ஆய்வுக் கட்டுரை எழுதுவதாகத் திட்டம். ஆய்வு யாரையும் பாதிக்காமல் நடக்குமா என்று பார்க்கும் பல்கலைக்கழக எதிக்ஸ் கமிட்டி பிப்ரவரியிலேயே ஒப்புதல் தந்துவிட்டது. ஆட்களைத் தேடி, உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிடம் போனால் அவர்களும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். நிரப்பிக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது, பதில் இல்லை. ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு அனுமதி? செப்டம்பரில் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.
– ஒரு வாசகி, கிழக்கு லண்டன்

பதில்: தங்கச்சி, இரண்டும் ஒன்றல்ல. இந்த ஆய்வைச் செய்வதில் தவறில்லை என்று பல்கலைக்கழகம் சொல்லியிருக்கிறது. தன் ஊழியர்கள் வழியாக, தன்னை நம்பி வந்தவர்களை நீங்கள் அணுகலாமா என்பதைக் கவுன்சில்தான் சொல்ல வேண்டும். கவுன்சில் படிவத்திலும் எதிக்ஸ் என்ற சொல் வருவதால் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரே மாதிரியான நடைமுறை கிடையாது. 2017-இல் வந்த தேசியக் கொள்கைச் சட்டகம் பொதுவான நெறிகளைச் சொல்கிறது. படிவம், அதைப் படிக்கிற ஆள், எடுக்கிற காலம் எல்லாம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கவுன்சில்களில் ஆய்வு செய்வதாக இருந்தால் ‘அடாஸ்’ எனப்படும் வயதுவந்தோர் சமூக சேவை இயக்குநர்கள் சங்கத்தையும் அணுக வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒன்றுதான், அந்தக் கவலை வேண்டாம்.

ஐந்து வார மௌனம் பற்றி. ஒரு கவுன்சிலில் இந்தப் படிவங்களைப் படிக்கும் மேசையில் நானே ஆறு வருடம் இருந்தேன். பெரிய டிபார்ட்மென்ட் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அந்த வேலை, மற்ற நாளெல்லாம் வேறு வேலை. அதனால் கோபப்படாமல் ஒரு போன் போடுங்கள். அதற்கு முன், நீங்கள் சந்திக்க நினைப்பவர்களைக் கவனிக்கும் குழுவின் மேனேஜரிடம் பேசிவிடுங்கள். “இந்தப் பெண் என்னிடம் பேசினாள், எங்களுக்குச் சம்மதம்” என்று அவர் இரண்டு வரி எழுதினால் என் மேசையில் அந்தப் படிவம் மேலே வந்துவிடும். மேனேஜருக்கே தெரியாமல் வந்த படிவங்கள் அடியில்தான் கிடந்தன. நியாயமா என்று கேட்டால், இல்லைதான்.

படிவத்தில் முதலில் நான் தேடியது, பங்கேற்பாளரை யார் தொடர்புகொள்வார் என்ற இடம். ஒருவர், “பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலைத் தந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருந்தார். தர முடியாது. உங்கள் கடிதத்தைக் கவுன்சில் ஊழியர் அனுப்புவார். விருப்பமுள்ளவர் உங்களை அழைப்பார். அந்த ஊழியருக்கு எத்தனை மணி நேரம் செலவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டு எழுதிக் கொடுங்கள். இதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

அப்புறம் அந்தக் கடிதம். நம் பெரியவர்கள் வீட்டுக்குக் கவுன்சில் உறை வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வரும் உதவியை நிறுத்தப்போகிறார்கள் என்று ராத்திரி தூக்கம் போய்விடும். மறுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து கையெழுத்துப் போடுவார்கள். அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. “நீங்கள் மறுத்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் சேவையில் எந்த மாற்றமும் வராது” என்ற வரியைத் தமிழில், முதல் பத்தியிலேயே வையுங்கள். நான்காம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்து என்ன பயன்?

நான் மாணவியாக இருந்தபோது செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். “நீங்கள் சொல்வது எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று, பங்கேற்பாளருக்குக் கொடுக்கும் தகவல் தாளில் பெருமையாக எழுதியிருந்தேன். படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் பேனாவால் ஒரு கேள்வி: “அடிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால்?” என்னிடம் பதில் இல்லை. யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும், யாரிடம் சொல்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். மனைவியைப் பார்த்துக்கொள்பவர் களைப்பில் கதவைப் பூட்டிவிட்டு வெளியே போனதாகச் சொல்லக்கூடும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

பெயரை மாற்றிவிட்டால் ஆள் தெரியாது என்றும் நம்பிவிட வேண்டாம். “எழுபது வயது, ஓய்வு பெற்ற தபால் ஊழியர், மனைவிக்கு டிமென்ஷியா, இரண்டு மகள்கள் கனடாவில்” என்று எழுதினால் கோயில் வாசலில் நிற்கும் பத்துப் பேரில் ஏழு பேர் அவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். தொழிலை மாற்றுங்கள், பிள்ளைகளின் ஊரை எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்யப்போவதாகப் படிவத்திலும் சொல்லுங்கள்.

உங்கள் திட்டத்தில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. பேட்டி வீட்டில் என்றால், டிமென்ஷியா உள்ளவரும் பக்கத்து நாற்காலியில் இருப்பார். அவரும் பேசுவார். சம்மதம் தரும் திறன் இல்லாத ஒருவரை ஆய்வில் சேர்க்க வேண்டுமென்றால் 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் குறுக்கே வரும். அதற்குப் பல்கலைக்கழகக் கமிட்டியின் ஒப்புதல் போதாது. சுகாதார ஆய்வு ஆணையத்தின் கீழுள்ள சமூகப் பராமரிப்பு எதிக்ஸ் கமிட்டி போன்ற அங்கீகாரம் பெற்ற குழுவிடம் போக வேண்டும். அங்கே முடிவு வர 60 நாள் வரை ஆகலாம். நடுவில் அவர்கள் ஏதாவது விளக்கம் கேட்டால், நீங்கள் பதில் அனுப்பும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. செப்டம்பருக்கு அது சரிப்படாது. பார்த்துக்கொள்பவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டி எங்கே, அப்போது கணவரோ மனைவியோ யாருடன் இருப்பார், அவர் உள்ளே வந்து பேசத் தொடங்கினால் ரெக்கார்டரை நிறுத்துவீர்களா என்று எழுதிவிடுங்கள். பேச்சு முழுக்க அவரைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்பதையும் சூப்பர்வைசரிடம் மறைக்காமல் சொல்லி, என்ன செய்வது என்று கேளுங்கள்.

கேள்வி: கவுன்சிலை விட்டுவிட்டு, கோயிலில் நடக்கும் முதியோர் மதிய உணவுக் குழு வழியாக ஆட்களை எடுத்தால்?
– அதே வாசகி, இரண்டு நாள் கழித்து அனுப்பியது

பதில்: பொறுமை போய்விட்டது போலிருக்கிறது! செய்யலாம். குழுவைக் கவுன்சில் நடத்தவில்லை, கவுன்சில் ஊழியரோ கவுன்சில் பதிவுகளோ உங்களுக்குத் தேவைப்படவில்லை என்றால் பொதுவாகக் கவுன்சில் அனுமதி தேவைப்படாது. ஆனால் ஆட்களைச் சேர்க்கும் வழி மாறுகிறது. அந்தத் திருத்தத்தைப் பல்கலைக்கழகக் கமிட்டிக்கு அனுப்பி, பதில் வந்த பிறகுதான் முதல் ஆளிடம் பேச வேண்டும். குழுவை நடத்துபவரிடமிருந்து எழுத்தில் ஒரு சம்மதக் கடிதமும் வாங்குங்கள். அவர் உற்சாகமாகி, “இந்த எட்டுப் பேரை நான் வரச் சொல்கிறேன்” என்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் சொன்னால் அங்கே யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். நோட்டீஸை மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.